முறிந்த போல்ட்டின் முகத்தைப் பார்த்தீர்களா?

பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்க்கும் உலோகப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு நாள் காலை, நாங்கள் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே ஒரு மெக்கானிக் வந்து நின்றார். கலாசிபாளையத்தில் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறார். சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம், பெங்களூருக்கு வந்து முப்பது வருடம் ஆகிறதாம். தமிழ்ப் பேப்பரில் சுற்றி நூல் போட்டுக் கட்டிய பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே எட்டு போல்ட்டுகள். ஒன்று நேராக இரண்டாக முறிந்திருந்தது. இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்து அறுந்திருந்தது. மற்ற ஆறும் முழுசாக இருந்தன.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பெட்ரோல் வேன் ஒன்றின் என்ஜினை அவர் பிரித்துக் கட்டியிருக்கிறார். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், கன்ராட் என்ஜினின் உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பட்டறையில் எல்லோரும் கன்ராட் என்றுதான் சொல்வார்கள். அதன் அடிப்பாகத்தில் ஒரு மூடி இருக்கும், அதற்குப் பெயர் கேப். ராடையும் கேப்பையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டு போல்ட்டுகள். நாலு சிலிண்டருக்கு எட்டு.

"சரக்கு மட்டம் சார். போல்ட் எல்லாம் புதுசு, ஜே.சி. ரோட்டுல வாங்கினது. ஸ்டீல் சரியில்லன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க, கடைக்காரர்கிட்ட காசு கேக்கணும்" என்றார்.

"கன்ராடும் கேப்பும் எங்கே?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார்? உடைஞ்சது போல்ட்டுதானே?"

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். போல்ட் முறிந்தால் முதலில் எஃகின்மீதுதான் பழி விழுகிறது. மெக்கானிக் மட்டுமல்ல, பெரிய தொழிற்சாலைகளிலிருந்து வரும் கடிதங்களும் 'பொருளின் தரத்தைச் சோதிக்கவும்' என்றுதான் தொடங்குகின்றன. எஃகு கெட்டு முறிந்த போல்ட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை நல்ல எஃகு. அவை முறிந்ததற்குக் காரணம் போல்ட்டுக்குள் இல்லை, அது பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்தது.

போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங். நட்டை இறுக்கும்போது போல்ட் நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் என்றாலும் நிஜமாகவே நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த முயற்சிதான் இரண்டு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள நல்ல கன்ராட் போல்ட் ஒன்றை ஒழுங்காக இறுக்கினால் அதன் உள்ளே சுமார் 2500 கிலோ இழுவிசை நிற்கும். பிடிமான நீளம் 40 மில்லிமீட்டர் என்றால், அது நீண்டிருப்பது 0.13 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். இரண்டு தலைமுடியை ஒட்டி வைத்த பருமன். ஒரு குடும்பமே ஏறிப் போகும் வண்டியின் என்ஜின் அந்த இரண்டு முடிப் பருமனை நம்பித்தான் ஓடுகிறது.

இப்போது அந்த இடத்தில் என்ன விசை வருகிறது என்று பார்ப்போம். ஒரு சின்னக் கார் என்ஜின், நிமிடத்துக்கு 6000 சுற்று, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன், பின், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் அதைக் கீழே இழுத்து நிறுத்த ஏறக்குறைய 1000 கிலோ விசை வேண்டும். அரைக் கிலோப் பொருளுக்கு ஒரு டன்! கம்ப்ரெஷன் நேரத்தில் வாயு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி இதற்கு உதவி செய்யும். எரிந்த புகையை வெளியே தள்ளிவிட்டு பிஸ்டன் மேலே நிற்கும்போது அந்த உதவியும் இல்லை. முழு இழுப்பும் அந்த இரண்டு போல்ட்டுகள் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பின் மேல் வருகிறது. நிமிடத்துக்கு 3000 முறை. மணிக்கு 1,80,000 முறை. சுற்று இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இறக்கத்தில் தப்பான கியரைப் போட்டு என்ஜினை அலறவிடுகிறவர்கள் போல்ட்டை என்ன செய்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

ஒரு போல்ட்டுக்கு 500 கிலோ என்று கணக்கு வரும். ஆனால் இறுக்கம் சரியாக இருந்தால் போல்ட் அந்த 500-ஐ உணராது. இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இதுதான். போல்ட் இழுத்துப் பிடித்திருப்பதால் ராடும் கேப்பும் ஒன்றோடொன்று நசுங்கி நிற்கின்றன. வெளியிலிருந்து இழுப்பு வரும்போது முதலில் அந்த நசுக்கம்தான் தளர்கிறது. ராடும் கேப்பும் போல்ட்டைவிடப் பல மடங்கு விறைப்பானவை என்பதால், வரும் விசையின் பெரும்பகுதியை அந்தத் தளர்வே விழுங்கிவிடும். போல்ட்டுக்கு வந்து சேர்வது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 100 கிலோ. 2500 கிலோவில் இருந்த போல்ட் 2600-க்குப் போய்த் திரும்பும். அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இறுக்கம் போய்விட்டால் கதை தலைகீழ். நசுக்கம் இல்லாத இடத்தில் பங்கு போட்டுக்கொள்ள யாரும் இல்லை. 500 கிலோவும் நேராகப் போல்ட்டுக்கு வரும், பூஜ்யத்திலிருந்து 500, திரும்பப் பூஜ்யம். மரை போட்ட 8 மில்லிமீட்டர் போல்ட் காலமெல்லாம் தாங்கக்கூடிய ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 400 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் ஒரு கோடி முறை ஆனாலும் முறியாது, மேலே போனால் நாள் எண்ண வேண்டியதுதான். 100 எங்கே, 500 எங்கே? அதே போல்ட், அதே எஃகு, அதே என்ஜின். இறுக்கம் ஒன்றுதான் மாறியிருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். அந்த 400 கிலோ என்பது போல்ட்டின் தரத்தைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கும். முதல் எண் இழுவலிமையைச் சொல்கிறது. 8 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ, 10 என்றால் சுமார் 100. புள்ளிக்குப் பிறகு வருவது, அந்த வலிமையில் எத்தனை பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. 10.9-ல் பத்தில் ஒன்பது பங்கு. ஆனால் மரையின் அடியில் இருக்கும் கூரான பள்ளம் விசையை ஒரே இடத்தில் குவித்துவிடுவதால், திரும்பத் திரும்ப வரும் விசையைத் தாங்குவதில் 8.8-க்கும் 12.9-க்கும் அதிக வேறுபாடு கிடையாது. '8.8 உடைஞ்சுபோச்சு, 12.9 போட்டுட்டேன்' என்று சொல்கிறவர்கள் பலர். உயர்ந்த தரத்தில் கிடைக்கும் லாபம், அதை இன்னும் அதிகமாக இறுக்கலாம் என்பதுதான். பழைய அளவுக்கே இறுக்கினால் அதிகக் காசு கொடுத்ததோடு சரி.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் சின்ன விசையால் உலோகம் விரிசல் விட்டு முறிவதை உலோகச் சோர்வு என்கிறோம். 1850-களிலும் 60-களிலும் ஜெர்மனியில் ஆகுஸ்ட் வோலர் என்ற ரயில்வேப் பொறியாளர் வண்டி அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வருடக்கணக்காகச் சோதித்துத்தான் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று காட்டினார். சோர்வால் முறிந்த போல்ட் வளைந்திருக்காது, நீண்டிருக்காது. அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு 'கண்ணாடி மாதிரி உடைஞ்சிருக்கு, எஃகு சரியில்லை' என்று தோன்றுகிறது. அந்தத் தோற்றம் ஏமாற்றும். மிக நல்ல எஃகும் சோர்வில் அப்படித்தான் முறியும்.

முறிந்த முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே நிறையத் தெரியும். ஓர் ஓரத்தில் விரிசல் தொடங்கிய புள்ளி. அங்கிருந்து விசிறி மாதிரி விரியும் வழவழப்பான பகுதி. அதன்மேல் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வளைவு வளைவாகக் கோடுகள். வண்டி ஓடிய நாளும் நின்ற நாளும் மாறி மாறி வந்த அடையாளம் அது. எதிர் ஓரத்தில் சொரசொரப்பாக ஒரு பகுதி இருக்கும், மீதியிருந்த உலோகம் தாங்க முடியாமல் ஒரே இழுப்பில் அறுந்த இடம் அதுதான். இந்தச் சொரசொரப்பான பகுதி சின்னதாக இருந்தால் போல்ட்டின்மேல் வந்த விசை சின்னது, பெரிதாக இருந்தால் விசையும் பெரிது. நட்டுக்குள் நுழையும் முதல் மரையில்தான் பெரும்பாலும் முறிவு இருக்கும், மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரு மரையே சுமப்பதால். நட்டுக்கு இத்தனை மரை இருக்கிறதே, எல்லாம் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் என்று நினைப்போம். அப்படி இல்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் இன்னும் தெளிவாகும். சோர்வு முறிவில் உழுத வயலின் சால் மாதிரி நெருக்கமான வரிகள் தெரியும். ஒரே இழுப்பில் அறுந்த நல்ல எஃகில் பணியாரச் சட்டியைப் போலக் குழி குழியாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு, உடைத்த கற்கண்டு மாதிரி முகம் முகமாக மின்னுவது. அதைப் பார்த்தால் எங்கள் கூடத்தில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இறுக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் எப்போதும் சொல்லும் உதாரணம் ரஷ்யாவின் சயானோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். 2009 ஆகஸ்ட் 17 அன்று அங்கே இரண்டாம் எண் டர்பைனின் மூடி பிய்ந்து எழும்பியது, தண்ணீர் எந்திரக் கூடத்துக்குள் புகுந்தது. 75 பேர் இறந்தார்கள். மூடியைப் பிடித்திருந்த ஸ்டட்டுகளில் (தலை இல்லாத, மரை போட்ட தண்டுகள்) 49 கிடைத்தன. அவற்றில் 41-ல் சோர்வு விரிசல் இருந்தது. எட்டு ஸ்டட்டுகளில் குறுக்குப் பரப்பின் 90 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே விரிசல் தின்றுவிட்டிருந்தது. அதாவது விபத்து நடந்த காலையில் அந்த எட்டும் பெயருக்குத்தான் நின்றுகொண்டிருந்தன. அந்த எந்திரம் அதற்கு முன் நெடுநாளாக அளவுக்கு மீறி அதிர்ந்துகொண்டிருந்தது.

சரி, இறுக்கம் எப்படிப் போகிறது? முதல் காரணம், அது முதலிலேயே வராமல் இருப்பது. டார்க் ரெஞ்ச் (குறித்த திருப்பு விசை வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பானர்) வைத்து இறுக்கினாலும் நாம் அளப்பது திருப்பும் விசையைத்தான், போல்ட்டின் இழுவிசையை அல்ல. நாம் கொடுக்கும் திருப்பு விசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வில் போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைகளின் உராய்வில் போகும். மீதி 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் துரு, மண், பழைய லாக் பசை இருந்தால் அந்தப் பத்தும் குறையும். ரெஞ்ச் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும், மெக்கானிக் நிம்மதியாக அடுத்த போல்ட்டுக்குப் போவார், உள்ளே பாதி இறுக்கம்கூட இருக்காது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் போட்ட மரைக்குக் கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிவிடலாம், போல்ட் நீண்டு கெட்டுப்போகும். எண்ணெய் போடச் சொல்லியிருக்கிறதா, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறதா என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்ப்பது அதனால்தான் முக்கியம். கைப்பழக்கத்தை நம்பி விட்டுவிடக்கூடிய விஷயமில்லை.

இதனால்தான் இப்போதைய என்ஜின்களில் ஓரளவுக்கு டார்க் வைத்துவிட்டு, அதன்பின் 90 டிகிரி திருப்பு என்கிற மாதிரி கோணக் கணக்கில் சொல்கிறார்கள். கோணம் உராய்வை நம்பி இல்லை. என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகள் சிலவற்றையும் கன்ராட் போல்ட்டுகளையும் வேண்டுமென்றே நிரந்தர நீட்சி தொடங்கும் எல்லை வரை இறுக்குகிறார்கள். அவற்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். கழற்றியதைத் திரும்பப் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று போடுவார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெர்னியரில் நீளம் அளந்து பார்த்தால் பழையது கூடியிருப்பதைப் பலமுறை காட்டியிருக்கிறேன். மரைப் பக்கம் சற்று ஒடுங்கியும் இருக்கும்.

இரண்டாவது, வந்த இறுக்கம் கரைந்துபோவது. மேலே சொன்ன 0.13 மில்லிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்பின் பரப்புகளில் பெயிண்ட் இருந்தாலோ, பிசிறு இருந்தாலோ, பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருந்தாலோ, ஓட ஓட அது நசுங்கும். 0.05 மில்லிமீட்டர் நசுங்கினால் போதும், இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நட் ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது. மார்க்கர் கோடு போட்டு வைத்தாலும் கோடு அப்படியே நேராக இருக்கும்.

பக்கவாட்டில் அசைவு இருந்தால் நட் தானாகவே கழலும் என்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியர் 1969-ல் சோதனை செய்து காட்டினார். நேர் இழுப்பைவிடப் பக்க அசைவுதான் நட்டைக் கழற்றுகிறது. அவர் பெயரிலேயே நடக்கும் அந்தச் சோதனையில், நாம் நம்பிப் போடும் வெட்டு ஸ்பிரிங் வாஷர் கழல்வதைத் தடுப்பதில்லை.

சூடும் இறுக்கத்தைத் தின்னும். என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் குழாயின் ஸ்டட்டுகள் முறிவதற்கு இதுதான் பெரிய காரணம். இரும்பு மேனிஃபோல்ட் சூடாகி நீள்கிறது, அலுமினிய ஹெட் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது, நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்டட் ஒவ்வொரு சூட்டுக்கும் வளைந்து நிமிர்கிறது. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிகளின் ஸ்டட்டுகளைப் பற்றி எனக்கு எப்போதும் கவலை உண்டு.

இனி அந்தக் கற்கண்டு முகம். இது இறுக்கக் குறைவால் வருவதல்ல. நன்றாக இறுக்கிய, பளபளப்பான, புத்தம் புதிய போல்ட்டுக்குத்தான் வரும். அதனாலேயே இதை நான் அதிகம் பயப்படுகிறேன்.

துருப் பிடிக்காமல் இருக்கப் போல்ட்டுக்கு மின்முலாமாகத் துத்தநாகம் பூசுவார்கள். அதற்கு முன் அமிலத் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்வார்கள். இந்த இரண்டு வேலையிலும் ஹைட்ரஜன் உண்டாகிறது. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது, எஃகுக்குள் புகுந்துவிடும். மென்மையான எஃகுக்கு அதனால் பெரிய தீங்கில்லை. கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவில் 39-க்கு மேல் போகும் எஃகில் கதை வேறு. 12.9 போல்ட்டுகள் எல்லாம் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. போல்ட்டை இறுக்கியதும் ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து, இழுவிசை அதிகமாக உள்ள மரை அடியிலோ தலைக்கழுத்திலோ போய்ச் சேர்கிறது. அங்கே படிகங்களுக்கு நடுவே உள்ள பிணைப்பைப் பலவீனமாக்குகிறது. இறுக்கும்போது ஒன்றும் ஆகாது. சில மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள், அல்லது அடுத்த வாரம், வண்டி சும்மா நிற்கும்போதே 'டப்' என்று தலை தெறித்து விழும். இரவில் ஷெட்டில் ஆள் இல்லாதபோது உடைந்து கிடக்கும் போல்ட்டுக்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இது ஒன்றும் புதிதாகத் தெரிய வந்ததல்ல. வில்லியம் ஜான்சன் என்பவர் 1875-லேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், அமிலத்தில் கிடந்த இரும்பும் எஃகும் வலுவிழந்து உடைவதையும், உடைந்த முகத்தை ஈரமாக்கினால் நுரை நுரையாகக் குமிழி வருவதையும் எழுதிவிட்டார். அவர் எழுதி 138 ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ - ஓக்லண்ட் பே பாலத்தின் புதிய பகுதியில், துத்தநாகம் பூசிய 96 நங்கூரத் தண்டுகளை இறுக்கினார்கள். சில நாட்களுக்குள் 32 தண்டுகள் முறிந்தன. காரணம் ஹைட்ரஜன். அத்தனை பெரிய பாலத்திலேயே நடந்தது என்றால், சின்னப் பிளேட்டிங் கடையில் வாளியில் தொங்கவிட்டு எடுக்கும் போல்ட்டைப் பற்றி என்ன சொல்வது?

இதற்கு மருந்து எளிது. பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் போல்ட்டுகளை 190 முதல் 220 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்தால் ஹைட்ரஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். தாமதித்துச் சுட்டால் பலன் குறையும், உள்ளே நுண்விரிசல் விழுந்தபின் சுட்டுப் பயனே இல்லை. அடுப்புக்கு ஆகும் கரண்ட் காசை மிச்சம் பிடிக்க இந்த வேலையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், சுட்டதாகச் சான்றிதழும் எழுதுகிறார்கள். வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சில போல்ட்டுகளை எடுத்து, இறுக்கி, குறைந்தது 48 மணி நேரம் வைத்து முறிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. மின்முலாமே வேண்டாம் என்று துத்தநாகச் செதில் பூச்சுக்கு மாறுவது அதைவிட நல்ல வழி. கறுப்பாக வரும் 12.9 ஆலன் போல்ட்டை அழகுக்காகக் கடையில் கொடுத்து முலாம் பூசி வாங்கி என்ஜினில் போடாதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

எஃகே கெட்டிருப்பதும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சூளையில் கடினப்படுத்தும்போது காற்றுப் பட்டால் மேற்பரப்பில் உள்ள கார்பன் எரிந்துபோகும். உள்ளே கெட்டி, மரை முனையில் மட்டும் மென்மை. குறுக்காக வெட்டி மெருகேற்றி, சாராயத்தில் கலந்த கொஞ்சம் நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தால் மரை ஓரம் மட்டும் வெளுத்துத் தெரியும். மரை உருட்டும்போது உலோகம் மடிந்து போய் அடியில் கோடாக நிற்பதும் உண்டு, அது பிறக்கும்போதே விரிசலோடு பிறந்த போல்ட். எஃகு உருக்கும்போது தங்கிவிட்ட அலுமினா துணுக்கு ஒன்று சரியாக மரை அடியில் வந்து உட்கார்ந்தாலும் அங்கிருந்துதான் சோர்வு தொடங்கும். அப்புறம், தலையில் 10.9 என்று பொறித்து உள்ளே சாதாரண எஃகாக வருவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கக் கடினத்தன்மைச் சோதனை ஒன்றே போதும், ஐந்து நிமிட வேலை.

மரையை லேத்தில் வெட்டியதா, உருட்டியதா என்பதும் முக்கியம். உருட்டும்போது மரை அடியில் உள்ள எஃகு அமுங்கி நெருங்குகிறது. விரிசல் தொடங்குவதற்கு அது பெரிய தடை. கடினப்படுத்தியபின் உருட்டினால் இந்தப் பலன் முழுசாகக் கிடைக்கும். அவசரத்துக்கு லேத்தில் கம்பியைத் திருப்பி ஒரு ஸ்டட் செய்து தருகிறவர்கள் நல்ல கைவேலைக்காரர்களாக இருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கு அதைப் போடலாம். கன்ராடுக்குப் போடக் கூடாது.

மெக்கானிக்குகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். போல்ட் முறிந்தால் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். முறிந்த இரண்டு முகங்களையும் பொருத்திப் பார்க்காதீர்கள், அப்படி ஒருமுறை உரசினாலே பாதி எழுத்து அழிந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். லேசாக எண்ணெய் தடவி, எந்தச் சிலிண்டர், எந்தப் பக்கம் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். முறியாத போல்ட்டுகளையும் கொண்டுவாருங்கள். கழற்றும்போது எது சுலபமாக வந்தது, எது முரண்டு பிடித்தது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் பிடித்திருந்த பாகத்தையும் சேர்த்துத்தான்.

அந்த மெக்கானிக் மதியமே நாலு கன்ராடுகளையும் கேப்புகளையும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். உடைந்த ராடின் கேப்பை ஆயில் சேம்பரிலிருந்து துழாவி எடுத்திருந்தார்.

போல்ட்டைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. நேராக முறிந்ததில் முதல் மரையிலிருந்து தொடங்கிய சோர்வு, சிப்பி ஓட்டுக் கோடுகள் அழகாக இருந்தன. வளைந்து அறுந்தது அதன் ஜோடி. முதலாவது போனதும் முழுச் சுமையும் தன்மேல் விழுந்து ஒரே இழுப்பில் போயிருக்கிறது. கடினத்தன்மை, எஃகின் சேர்மானம், மரை ஓரம் எல்லாம் 10.9-க்கு என்ன வேண்டுமோ அப்படியே இருந்தன. ஜே.சி. ரோட்டுக் கடைக்காரர் நல்ல சரக்குத்தான் கொடுத்திருக்கிறார்.

பிறகு கேப்புகளைத் திருப்பினேன். ராடோடு சேரும் முகத்தில், எந்திரத்தில் கடைந்த ஒழுங்கான வரிக்குப் பதிலாக, குறுக்கும் நெடுக்குமாக அரத்தின் கோடுகள். சில இடங்களில் அந்தக் கோடுகளின் மேடு நசுங்கிப் பளபளத்தது. அதைச் சுற்றி செம்பழுப்பாக, கோகோத் தூள் மாதிரி, நைந்த இரும்புத் துகள். இரண்டு பாகமும் ஒன்றன்மேல் ஒன்று அசைந்து உரசினால் மட்டும் வருகிற தூள் அது. முறியாத மூன்று ராடுகளிலும் அதே தூள் இருந்தது.

"கேப்பை அரம் போட்டீங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

பேரிங் கொஞ்சம் தளர்வாக இருந்ததாம். புதுப் பேரிங் அளவு கிடைக்கவில்லை. கேப் முகத்தைக் கொஞ்சம் தேய்த்தால் பேரிங் பிடிக்கும் என்று அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார், அவரும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார். பழைய, மெதுவாகச் சுற்றும் என்ஜின்களில் அது எப்படியோ ஓடியிருக்கும். கையால் அரம் போட்ட முகம் மட்டமாக இருக்காது. மேடு மட்டும்தான் தொடும். இறுக்கும்போது டார்க் சரியாகக் காட்டும். ஓட ஓட அந்த மேடுகள் நசுங்கும், போல்ட்டின் நீட்சி போகும், இறுக்கம் போகும். முகம் சாய்ந்திருந்தால் போல்ட் வளையவும் செய்யும்.

நுண்ணோக்கியில் அவரையே பார்க்கச் சொன்னேன். முதலில் அரக்கோடு, அப்புறம் தூள், அப்புறம் முறிந்த முகம். ரொம்ப நேரம் பார்த்தார். ரிப்போர்ட்டைப் பற்றி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

"இதே மாசத்துல இன்னும் ரெண்டு வண்டி இப்படித்தான் சார் கட்டினேன்" என்றார். அதில் ஒன்று இன்னொரு பள்ளி வேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நம்பர் எடுக்கவில்லை போலிருக்கிறது, திரும்பப் போட்டார். இரண்டாவது நம்பர் உடனே கிடைத்தது. "அண்ணா, வண்டி இப்ப எங்க இருக்கு? ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டு எஞ்சின ஆஃப் பண்ணுங்க, நான் வந்து கட்டி இழுத்துக்கறேன்" என்று சொல்வது உள்ளே வரை கேட்டது. அப்புறம் முதல் நம்பரை மறுபடியும் போட்டார்.